மனச்சோர்வும் கால அட்டவணையும்

நமது அன்பர்களின் இல்லங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் ஒன்று உண்டு. அது ‘சோம்பல்’ என்பதாகும். ‘ஊரில் ஓடியாடிக் கொண்டிருந்தவள் இங்கு வந்ததும் சோம்பேறியாகிவிட்டாள்’ என்று கணவர் கூறுகிறார். ‘அப்பாவுக்கு என்ன குறை? வேளைக்குச் சோறு உண்டு, மின்விசிறி உண்டு, தொலைக்காட்சி உண்டு. எழுந்து நாலடி நடக்க மாட்டேன் என்கிறார்’ என்று மகன் அலுத்துக் கொள்கிறார். இவ்வாறு கூறுவோர் தீய எண்ணத்தால் கூறுவதில்லை. ஆயினும் அச்சொல் பல இடங்களில் பொருந்தாது. சில இடங்களில் அபாயகரமானதும் ஆகும். சோம்பல் என்று நாம் கருதுவது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். அதனைப் பற்றியும், அன்றாட நடமாட்டத்தையும் உறக்கத்தையும் ஒழுங்கு செய்து அதனைத் தணிக்கும் வழியைப் பற்றியும் இம்மாதம் எழுத எண்ணினோம்.

சோம்பேறிக்குப் பிடித்த காரியம் ஒன்று கிடைத்தால் துள்ளி எழுவான். மனச்சோர்வு கொண்டவருக்கோ பிடித்திருந்த காரியமும் பிடிக்காமற் போய்விடுகிறது. இதுவே இரண்டிற்கும் உள்ள முக்கியமான வேற்றுமை. பாட்டுக் கேட்பதில் விருப்பம் கொண்டவர் வானொலியை மூடி வைக்கிறார்; கோலமின்றி ஒரு நாளும் விடியாத வீட்டில் வாசல் வெறுமையாகக் கிடக்கிறது. இத்துடன் பசியின்மை, உறக்கக் கேடு, காரணமற்ற களைப்பு, தாம் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் ஆகியவையும் சேர்ந்து, 2 வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடிக்குமாயின் அதனை நோய் என்றே கொள்ள வேண்டும் என்பது வைத்தியர்களின் முடிவு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோருள் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய்க்கு ஆளானவர். அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை எதுவும் பெறாதவர்கள் என்பதும் அவ்வாய்வு காட்டிய செய்தி.

புலம் பெயர்ந்த இல்லங்களில்

ஊரில் இருந்தவரை நடப்பதற்கென்று எவரும் தனியாகப் பிரயாசை எடுத்ததில்லை. தண்ணீருக்கு நடந்தோம், கடைக்கு நடந்தோம், கோயிலுக்கு நடந்தோம். நடந்த வழியெல்லாம் ‘சௌக்கியமா?’ என்று கேட்க ஒருவர் இருந்தார். தில்லியிலோ பம்பாயிலோ நான்காம் மாடியில் ஜாகை கொண்டவருக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது, வாசலுக்குக் காய்கறி வருகிறது. கீழே இறங்க அவசியம் இல்லை. இறங்கினாலோ பாஷை தெரியவில்லை. உத்தியோகத்திற்குச் செல்பவருக்கும் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளுக்கும் நாளுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டில் எஞ்சி நிற்கும் தாய்க்கும் ஓய்வு பெற்ற தந்தைக்கும் அது இல்லை. காலை, நண்பகல், மாலை என்ற எல்லைகள் அழிந்து, முழு நாளும் ஒரே அறையின் மங்கலான வெளிச்சத்தில் கழிகிறது.

ஆனால் நம் தேகத்திற்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்பதை விஞ்ஞானிகள் ஐயமற நிறுவியுள்ளனர். அது உயிரணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்று கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவருக்கும் 2017ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூளையின் அடிப்பாகத்தில் உள்ள ஒரு சிறு நரம்புத் தொகுதி இக்கடிகாரங்களுக்கெல்லாம் தலைமை வகிக்கிறது. அதனை நாள்தோறும் சரிசெய்யும் சாவி, கண் வழியே புகும் வெளிச்சம். அதிலும் சிறப்பாகக் காலை வெளிச்சம். வெளிச்சம் காணாதவரின் கடிகாரம் தடுமாறும். அதனோடு உறக்கமும் உற்சாகமும் தடுமாறும். நம் நாடு முழுவதற்கும் கடிகார நேரம் ஒன்றே எனினும் சூரியன் அதற்குக் கட்டுப்படுவதில்லை. ஜூன் மாதத்தில் கல்கத்தாவில் காலை 5 மணிக்கு முன்பே விடிகிறது. பம்பாயில் 6 மணி ஆகிறது. ஜனவரியில் தில்லியில் சூரியனைக் காண 7 மணியைக் கடக்க வேண்டும். ஆகவே அன்பர்கள் அவரவர் ஊரின் விடியலை அனுசரித்துக் கொள்வது நலம்.

செயல் முன்னே, மனம் பின்னே

‘மனம் தெளியட்டும், பிறகு எழுந்து நடக்கிறேன்’ என்பது சோர்வுற்றவரின் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் நிகழ்வது வேறு. சோர்வினால் ஒரு காரியத்தை விடுகிறோம். அதனால் அக்காரியம் தந்து வந்த சிறு மகிழ்ச்சியும் மனிதர் உறவும் போய்விடுகின்றன. அவை போனதும் சோர்வு மிகுகிறது. மிகுந்த சோர்வினால் இன்னொரு காரியத்தையும் விடுகிறோம். செக்குமாடு போன்ற இச்சுழற்சியை 1970களில் லெவின்சன் என்னும் அமெரிக்க உளவியலார் எடுத்துக் காட்டினார். மனம் மாறும்வரை காத்திராமல், செயலைச் சிறிது சிறிதாக முதலில் மீட்டெடுத்தால் மனம் அதனைப் பின்தொடரும் என்பது இதிலிருந்து பிறந்த சிகிச்சை முறை.

இம்முறைக்குப் பெரிய ஆஸ்பத்திரியும் பட்டம் பெற்ற நிபுணரும் இன்றியமையாதவர் அல்லர் என்பதை மெய்ப்பித்த பெருமை நம் நாட்டினுடையது. கோவாவில் டாக்டர் விக்ரம் பட்டேலும் சங்காத் நிறுவனத்தாரும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை நடத்தினர். மனநலக் கல்வி முன்பு பெறாத சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி தந்து, கடும் மனச்சோர்வுற்றவர்களைச் சந்திக்கச் செய்தனர். சந்திப்புகள் 6 முதல் 8 வரையே. அன்றாடச் செயல்களை எவ்வாறு மீண்டும் தொடங்குவது என்பதே அவற்றில் பேசப்பட்ட முக்கிய விஷயம். ‘லான்செட்’ வைத்திய சஞ்சிகையில் 2017ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, 3 மாதங்களுக்குப் பின் இவர்களுள் நூற்றுக்கு 64 பேர் நோயின் பிடியிலிருந்து நீங்கியிருந்தனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 39 பேரே நீங்கினர். நூற்றுக்கு நூறு அல்ல. ஆயினும் இவ்வேற்றுமை சிறிதன்று.

ஒரு பெரியவரின் கதை

நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று தில்லி அரசாங்கக் குடியிருப்பில் வசிக்கிறது. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் மனைவியை இழந்த தந்தையை மகன் தம்மிடம் அழைத்து வந்தார். ஓராண்டு சென்ற பின்னும் பெரியவர் தேறவில்லை. பகல் 2 மணி முதல் 5 மணி வரை உறங்குவார். இரவு 8 மணிக்கே மீண்டும் படுப்பார். நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு விழித்து விடியும்வரை கூரையைப் பார்த்துக் கிடப்பார். ‘வேண்டுமென்றே செய்கிறார்’ என்று மகனும், ‘இல்லை, அவருக்கு ஏதோ செய்கிறது’ என்று மருமகளும் பூசலிட்டுக் கொண்டனர். மருமகளின் சொல்லே வென்றது. வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, மனச்சோர்வுக்கு மருந்தும் தந்து, ‘தினமும் இவரைக் கீழே இறக்குங்கள்’ என்று கூறி அனுப்பினார்.

கூறுவது எளிது, இறக்குவது கடினம். ‘உலாவி வாருங்கள்’ என்றால் ‘எதற்கு?’ என்றார். அம்மாள் ஒரு யுக்தி செய்தார். ‘மாமா, காலையில் எனக்கு அடுப்பை விட்டு நகர முடியவில்லை. நீங்கள் பால் வாங்கி வந்தால் பெரிய உபகாரமாக இருக்கும்’ என்று தூக்கை அவர் கையில் கொடுத்தார். பேரன் உடன் சென்று, மதர் டெய்ரி பூத்தில் டோக்கன் வாங்கும் விதத்தையும் ‘ஏக் லிட்டர்’ என்று கேட்கவும் தாத்தாவுக்குக் கற்பித்தான். முதல் வாரத்தில் 7 நாட்களில் 3 நாட்களே சென்றார். மற்ற நாட்களில் எவரும் அவரைக் குறை கூறவில்லை. மருமகளே சென்று வந்தார்.

இரண்டாம் வாரத்திலிருந்து பேரன் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுத் தந்தான். எழுந்த நேரம், செய்த காரியம், அப்போது மனம் இருந்த நிலைக்கு 10க்கு எத்தனை மதிப்பெண் என்று மூன்றே கட்டங்கள். பள்ளிப் பிள்ளையைப் போல் தமக்கு மதிப்பெண் போடுவதில் பெரியவருக்குக் கூச்சம் இருந்தது, எனினும் போட்டார். ஒரு மாதம் சென்று புரட்டியபோது ஒன்று புலப்பட்டது. பால் வாங்கச் சென்ற நாட்களில் 4, 5 என்று இருந்த எண், செல்லாத நாட்களில் 2ஐத் தாண்டவில்லை. வரிசையில் நின்ற கேரளத்துப் பெரியவர் ஒருவருடன் பேசிய நாளில் 6 என்று எழுதியிருந்தார். அந்நோட்டு அவருக்கு உணர்த்தியதை நம்மைப் போன்றோரின் உபதேசம் உணர்த்தியிராது.

இன்று அவர் பழைய மனிதராகிவிட்டார் என்று எழுதினால் அது உண்மையாகாது. மனைவியின் திதி வரும் மாதத்தில் இன்றும் துவண்டு விடுகிறார். மருந்தையும் வைத்தியர் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் காலைப் பால் அவருடைய பொறுப்பு. மாலையில் கேரளத்து நண்பருடன் பூங்காவில் இரண்டு சுற்று. வீட்டில் பூசல் ஓய்ந்திருக்கிறது.

எவ்வளவு நடப்பது?

நடை ஓர் ஔஷதம் என்று நம் பாட்டிமார் கூறியதை ஆராய்ச்சி இன்று அளந்து காட்டுகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக் கழகத்தில் ப்ளூமென்தாலும் குழுவினரும் 50 வயதைக் கடந்த 156 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தும், ஒரு பிரிவினருக்கு வாரம் 3 நாள் தேகாப்பியாசமும், மற்றொரு பிரிவினருக்கு இரண்டும் தந்தனர். 16 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர் என்று 1999ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2024இல் பிரிட்டிஷ் வைத்திய சஞ்சிகையில் வெளியான ஒரு தொகுப்பாய்வு 218 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, நடை அல்லது மெல்லோட்டம், யோகாப்பியாசம், தசைகளை வலுவாக்கும் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைத் தணிப்பதில் நல்ல பலன் தருவதாகக் கூறியது.

உலக சுகாதார ஸ்தாபனம் வயது வந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. அதாவது நாளுக்கு அரை மணி வீதம் 5 நாட்கள். மிதமான உழைப்பு என்பது நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது என்ற அளவு. ஆனால் சோர்வுற்றவரிடம் முதல் நாளே அரை மணி என்று கூறுதல் தகாது. 5 நிமிடம் போதும். மாடியிலிருந்து இறங்கி வாசல் வரை சென்று திரும்புதல் போதும். அதனைத் தினமும் அதே வேளையில் செய்தலே முக்கியம். வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டிக் கொள்ளலாம்.

ஊருக்கேற்ற விவேகமும் வேண்டும். தில்லியில் நவம்பர் முதல் ஜனவரி வரை விடியற்காலைக் காற்றில் புகை மண்டி நிற்கும். அந்நாட்களில் வெயில் ஏறிய பின் நடப்பதும், காற்று மிகக் கெட்டுள்ள நாளில் வீட்டிற்குள் சன்னல் வெளிச்சத்தில் உலாவுவதும் நலம். கோடையில் இதற்கு நேர்மாறாக விடியலிலேயே முடித்துவிட வேண்டும். பம்பாய் மழைக் காலத்தில் மாடிப்படியும் கட்டிடத் தாழ்வாரமும் உதவும். இதய நோயோ முழங்கால் வலியோ உடையவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

உறக்கத்தின் ஒழுங்கு

மனச்சோர்வு உறக்கத்தைக் கெடுப்பது போலவே, கெட்ட உறக்கம் மனச்சோர்வை வரவழைக்கவும் செய்கிறது. உறக்கமின்மை நீடிப்பவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே உறக்கத்தைத் திருத்துதல் பாதிச் சிகிச்சை எனலாம்.

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் உறக்கத்தின் பசியைச் சேர்க்கிறது. மாலைச் சிற்றுண்டியை வயிறார உண்டவருக்கு இரவுச் சாப்பாடு இறங்காதது போல, பகலில் மூன்று மணி உறங்கியவருக்கு இரவு உறக்கம் வராது. இதனை அடிப்படையாகக் கொண்டு அறிஞர்கள் வகுத்த விதிகள் எளியவை. 1972இல் பூட்சின் என்னும் உளவியலார் கூறியவை இன்றும் வழக்கில் உள்ளன. முதலாவது, படுக்கும் நேரம் முன்பின் ஆனாலும் எழும் நேரம் எல்லா நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை. இரண்டாவது, கண் சொக்கினால் மட்டுமே படுக்கைக்குச் செல்ல வேண்டும். மூன்றாவது, சுமார் 20 நிமிடம் கடந்தும் உறக்கம் வராவிடில் எழுந்து வேறிடத்தில் மங்கிய விளக்கில் அமர்ந்து, உறக்கம் வரும்போது திரும்ப வேண்டும். மணி பார்த்துக் கணக்கிட வேண்டாம். நான்காவது, படுக்கை உறங்குவதற்கே. அதில் அமர்ந்து சாப்பிடுவதும், குடும்பக் கணக்குப் பார்ப்பதும், செல்பேசியை நோண்டுவதும் கூடா. ஐந்தாவது, பகல் உறக்கத்தை விட்டுவிட வேண்டும். இயலாத முதியவர் 3 மணிக்கு முன் 20 நிமிடத்தோடு நிறுத்திக் கொள்ளலாம்.

நம்மவருக்குக் காப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடித்த காப்பியின் சத்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது. மாலை 6 மணிக்கு விருந்தினருடன் அருந்திய டிகிரி காப்பியின் பாதி இரவு 11 மணிக்கும் இரத்தத்தில் நிற்கும். பிற்பகல் 2 மணிக்குப் பின் அதனைத் தவிர்த்து இரண்டு வாரம் பார்த்தால் பலன் தெரியும். மதுவினால் உறக்கம் வரும் என்பதும் ஏமாற்றம். அது முன்னிரவில் உறக்கம் தந்து பின்னிரவில் பறித்துக் கொள்ளும்.

இரவுப் பணி செய்வோருக்கு இவ்விதிகள் அப்படியே பொருந்தா. ரயில்வேயில் குமாஸ்தாவாக உள்ள நாம் இத்தகைய சக ஊழியர்களை நாள்தோறும் காண்கிறோம். இரவு ட்யூட்டி முடித்துக் காலையில் திரும்புவோர் கறுப்புக் கண்ணாடி அணிந்து வந்து, தடித்த திரையிட்ட அறையில் உறங்குதல் நலம். அந்நேரத்தில் குக்கர் சத்தமும் தொலைக்காட்சியும் இன்றிக் காப்பது குடும்பத்தாரின் கடமை. வாரத்துக்கொரு முறை ரோஸ்டர் மாறினாலும், எழுந்தவுடன் வெளிச்சம் காண்பது, சிறிது நடப்பது, குடும்பத்துடன் ஒரு வேளையேனும் உண்பது ஆகிய மூன்றையும் விடாதிருக்கலாம். உறங்கும் நேரத்தை வலிந்து குறைத்து உறக்கத்தை ஆழமாக்கும் சிகிச்சையும் ஒன்று உண்டு. எஞ்சின் ஓட்டுவோரும், வாகனம் செலுத்துவோரும், வலிப்பு நோய் உள்ளவரும் வைத்தியர் மேற்பார்வையின்றி அதனை முயலலாகாது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

களைப்பும் சோர்வும் தைராய்டு குறைவினாலும், இரத்தச் சோகையினாலும், பி12 வைட்டமின் குறைவினாலும் வரக்கூடும். குறட்டையுடன் மூச்சு நின்று நின்று வருபவருக்கும் பகலெல்லாம் களைப்பாக இருக்கும். எனவே முதலில் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். மருந்து உண்பவர், நடையினால் தேறிவிட்டோம் என்று தாமே மருந்தை நிறுத்தலாகாது. சில காலம் சோர்வும் சில காலம் அளவற்ற உற்சாகமும் மாறி மாறி வருபவருக்கு உறக்கக் குறைவே நோயைத் தூண்டும். அவர்கள் உறக்க முறையில் எம்மாற்றமும் வைத்தியரைக் கேட்டே செய்ய வேண்டும்.

‘நான் இருந்து என்ன பயன்?’ என்ற பேச்சு எழுமாயின் அதனை வெறும் புலம்பல் என்று தள்ளலாகாது. ‘உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் வருகிறதா?’ என்று அன்புடன் நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகப் பிறப்பதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாது உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசாங்கம் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்தி தெரியாத நம் பெரியவர்களுக்கும் சகோதரிகளுக்கும் இது பேருதவி. எண்ணைத் தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

குடும்பத்தாருக்கு

‘எழுந்திரு, சுறுசுறுப்பாக இரு’ என்று கூறுவதால் சோர்வுற்றவர் எழுவதில்லை. தாம் பயனற்றவர் என்ற அவருடைய எண்ணமே உறுதிப்படும். ‘வாருங்கள், சேர்ந்து போவோம்’ என்பது வேறு சொல். முடிந்தவரை அவருக்கு ஒரு பொறுப்பைத் தாருங்கள்; அது மற்றவருக்கு உண்மையாகவே பயன்படும் பொறுப்பாக இருக்கட்டும். செய்யத் தவறிய நாளைப் பேசாதீர்கள். செய்த நாளை நினைவூட்டுங்கள். நன்மை தெரிய 4 முதல் 8 வாரங்கள் ஆகலாம். இடையில் சறுக்கலும் வரும். வண்டி தாமதமாயிற்று என்பதற்காக எவரும் கால அட்டவணையைக் கிழித்து எறிவதில்லை அல்லவா?

சங்கத்தின் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டிடத்திலோ தெருவிலோ ஊரிலிருந்து புதிதாக வந்து வெளியே தலை காட்டாத தமிழர் ஒருவர் இருக்கக் கூடும். இவ்வாரம் ஒரு நாள் மாலை அவர் வீட்டுக் கதவைத் தட்டி, கடை வரையிலோ கோயில் வரையிலோ உடன் வர அழையுங்கள். மறுத்தால் அடுத்த வாரமும் அழையுங்கள். இம்முயற்சியில் கண்ட அநுபவங்களை எழுதி அனுப்பினால், பெயர் குறிப்பிடாது இப்பகுதியில் வெளியிடுவோம்.